சூடு ஏறட்டும்

சிம்பாங் அம்பாட்டில் எங்கள் பழைய தோட்டத்துக் கோயிலின் பொருள் அறையைப் போன வருடம் காலி செய்தார்கள். உடைந்த குத்துவிளக்கு, கிழிந்த ஜமுக்காளம், கறையான் தின்ற கணக்குப் புத்தகங்களுக்கு அடியில் ஒரு இரும்புப் பெட்டி இருந்தது. தூக்க இரண்டு பேர் வேண்டும், அத்தனை கனம். பெயர்த்தகடு எப்போதோ கழன்றுவிட்டிருந்தது. மேல்மூடியைத் திறந்தால் பல்லி முட்டை ஓடுகள், கரப்பான் எச்சம், நடுவில் தூசி படிந்த நான்கு கண்ணாடிக் குழல்கள். பெரிய இரண்டின் மேல் ஈ.எல்.34 என்ற எழுத்து இன்னும் தெரிந்தது. "பழைய இரும்புக்குப் போடப் போறோம். வேணும்னா எடுத்துக்க தம்பி" என்றார் கோயில் தலைவர். எடுத்துக்கொண்டேன்.

அந்தப் பெட்டியை எனக்கு முன்பே தெரியும். என் தாத்தாதான் திருவிழா நாட்களில் கோயில் மைக் செட்டுக்குப் பொறுப்பு. சுவிட்சைப் போட்டதும் யாரையும் மைக்கைத் தொட விடமாட்டார். "சூடு ஏறட்டும்டா" என்பார். அரை நிமிடம் ஆகும். குழல்களுக்குள் ஆரஞ்சு நிறத்தில் ஒரு புள்ளி பழுக்கும். பிறகுதான் கோயில் கூரையில் கட்டியிருக்கும் குழாயில் இருந்து கரகரவென்று ஒரு மூச்சு வரும். அது எல்லாருக்கும் தெரிந்த மூச்சு. அதைக் கேட்டதும் பிள்ளைகள் ஓடி வருவார்கள்.

நான் படித்தது மின்னணுப் பொறியியல். வேலை பத்து காவானில் சில்லுகளைச் சோதிக்கும் ஒரு தொழிற்சாலையில். விரல் நகம் அளவுள்ள துண்டுக்குள் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் சரியாக வேலை செய்கின்றனவா என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. ஆனால் பல்கலைக்கழகத்து நான்கு வருடங்களில் வால்வைப் பற்றிக் கேட்டது மொத்தமே பத்து நிமிடம் இருக்கும். இருபத்தெட்டு வயதில் முதல் வால்வைக் கையில் எடுத்தபோது, அதை எப்படிப் பிடிப்பது என்றே எனக்குத் தெரியவில்லை.

வால்வு என்ற பெயரை வைத்தவர்கள் ஆங்கிலேயர்கள். அமெரிக்கர்கள் டியூப் என்றார்கள். நம் பாடநூல்கள் வெற்றிடக் குழாய் என்கின்றன. ஆனால் குழாய் என்றால் நமக்குக் கூரையில் கட்டும் ஒலிபெருக்கி அல்லவா, அதனால் வால்வு என்றே எழுதுகிறேன். மதகு என்று பொருள் கொண்டால் அது பொருத்தமான பெயரும்கூட. காற்று நீக்கிய கண்ணாடிக்குள் ஒரு கம்பியைச் சூடாக்கினால் அதிலிருந்து எலெக்ட்ரான்கள் கிளம்பும். எதிரே நேர்மின்னழுத்தம் கொடுத்த தகடு அவற்றை இழுக்கும். 1904-இல் ஜான் ஆம்ப்ரோஸ் ஃபிளெமிங் செய்தது அவ்வளவுதான், ஒருவழிப் பாதை. 1906-இல் லீ டி ஃபாரஸ்ட் இரண்டுக்கும் நடுவில் ஒரு கம்பி வலையைச் சேர்த்தார். வலையில் சின்ன மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கினால், தகட்டுக்குப் போகும் பெரிய ஓட்டம் அதேபோல ஏறி இறங்கும். வாய்க்கால் மதகை இரண்டு விரலால் அசைத்து ஆற்றையே ஆட்டுவதுபோல. ஒலி பெருகுவது இப்படித்தான்.

இந்த மதகு வழியாகத் தமிழ் எப்போது பினாங்குக்கு வந்தது?

மலாயாவுக்கு முதல் ரேடியோப் பெட்டியைக் கொண்டு வந்தவர் ஜொகூர் அரசாங்கத்தில் மின்சார அதிகாரியாக இருந்த பர்ச் என்கிறார்கள். அது 1921. அப்போது அது பொழுதுபோக்கு ஆர்வலர்களின் விளையாட்டு. சங்கம் வைத்து, தாங்களே ஒலிபரப்பி, தாங்களே கேட்டுக்கொண்டார்கள். பினாங்கிலும் அப்படி ஒரு வானொலிச் சங்கம். அது 1934 ஆகஸ்டில் இசட்.ஹெச்.ஜே. என்ற அழைப்புக் குறியோடு மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் நான்கிலும் ஒலிபரப்பைத் தொடங்கியது. 49 மீட்டர் சிற்றலை. அரசாங்கம் நடத்தியதல்ல, ஆர்வலர்கள் கூடி நடத்தியது. நம் இலக்கிய வரலாறுகளில் பத்திரிகைகளுக்கு ஒரு அத்தியாயம் உண்டு, மேடை நாடகத்துக்கு ஒரு பத்தியாவது உண்டு. பினாங்குக் காற்றில் தமிழ் ஏறிய இந்த மாதத்தைப் பற்றி எங்காவது ஒரு வரி இருந்தால் எனக்குக் காட்டுங்கள்.

ஆனால் யார் கேட்டார்கள்? பெட்டி வாங்கக் காசு வேண்டும், சுவரில் மின்சாரம் வேண்டும். பட்டணத்துக் கடைக்காரர்கள், அரசாங்க குமாஸ்தாக்கள், தோட்டத்துத் துரைகள். லயத்துக்கு அது வரவில்லை. 1941 டிசம்பரில் பினாங்கின் மீது குண்டு விழுந்தது. வெள்ளைக்காரர்கள் அவசரமாகத் தீவைக் காலி செய்தபோது வானொலி நிலையத்தைச் சிதைக்காமலே விட்டுப் போனார்கள். ஜப்பானியர்கள் அதே நிலையத்தை வைத்துத் தங்கள் பிரச்சாரத்தை ஒலிபரப்பினார்கள். அதே வால்வுகள், வேறு குரல். வெளிநாட்டு ஒலிபரப்பைக் கேட்பது தண்டனைக்குரிய குற்றமாயிற்று.

போர் முடிந்து 1946 ஏப்ரலில் ரேடியோ மலாயா வந்தது. இரண்டு வருடத்தில் அவசரகாலம். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளின் குரலுக்கு முன்னால் தன் குரல் போய்ச் சேர வேண்டும் என்று அரசாங்கம் நினைத்தது. புதுக்கிராமங்களிலும் தோட்டங்களிலும் கூட்டமாக உட்கார்ந்து கேட்கும் பொது வானொலிப் பெட்டிகளை வைத்தார்கள். எங்கள் பாட்டிக்கு அது நினைவிருக்கிறது. "ஆபீசு பக்கம் ஒரு கம்பத்துல வச்சிருந்தாங்க. சாயங்காலம் பாட்டு வரும். பாட்டுக்கு நடுவுல கண்டத பேசுவாங்க, அத யாரு கேட்டா" என்கிறார். பாட்டைக் கேட்கத்தான் எல்லாரும் போனார்கள். பாட்டுக்கு நடுவே வந்ததற்காகத்தான் அந்தப் பெட்டியையே அங்கே வைத்தார்கள். வால்வு ஒலியின் 'இதமான காலம்' என்று நாம் உருகும்போது, தோட்டத்தில் அந்த ஒலி யாருடைய கைச் செலவில் வந்தது என்பதையும் சேர்த்து நினைப்பது நல்லது.

பட்டணத்தில் வேறொன்று நடந்தது. ரிடிஃப்யூஷன் நிறுவனம் 1949-இல் சிங்கப்பூரில் கம்பிவழி ஒலிபரப்பைத் தொடங்கியது. கோலாலம்பூர், பினாங்கு மக்களுக்கும் அது பழக்கமான பெயராயிற்று. வீட்டில் ரேடியோவே வேண்டாம், சுவரில் ஒரு பெட்டி ஒலிபெருக்கி போதும். வால்வுகள் எல்லாம் நிலையத்தில் இருக்கும், சந்தாக்காரர் வீட்டுக்கு ஒலி மட்டும் கம்பியில் வரும். வால்வு வாங்கவும் மாற்றவும் காசில்லாதவனுக்கு இது வசதி. நிலையம் கொடுப்பதைத்தான் கேட்க முடியும் என்பதுதான் அதன் விலை.

தோட்டத்தில் சொந்தமாக ரேடியோ வைத்திருந்த முதல் வீடு, எங்கள் பாட்டி கணக்கில், கிராணி வீடு. அங்கே இரவில் சில மணி நேரம்தான் ஜெனரேட்டர் ஓடும். அதனால் பேட்டரியில் ஓடும் வால்வு ரேடியோ. இந்த வகைப் பெட்டிகளுக்கு இரண்டு பேட்டரி வேண்டும். இழையைச் சூடாக்க ஒன்றரை வோல்ட், தகட்டுக்குத் தொண்ணூறு வோல்ட். தொண்ணூறு வோல்ட் பேட்டரி செங்கல் அளவு இருக்கும், விலையும் அதற்கேற்றபடி. இந்த ரேடியோக்கள் தந்த ஒலி கால் வாட்டுக்குச் சற்றுக் கூடக் குறைய. அந்தக் கால் வாட்டைக் கேட்கத்தான் கிராணி வீட்டு வாசலில் இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

சரியாக இதே வருடங்களில்தான் இங்கிலாந்தில் வீட்டு ஆம்ப்ளிஃபையர் என்ற பொருள் முதிர்ந்தது. வயர்லெஸ் வேர்ல்ட் பத்திரிகையின் 1947 ஏப்ரல், மே இதழ்களில் டி. டி. என். வில்லியம்சன் என்ற பொறியாளர் ஒரு சுற்றுப்படத்தை வெளியிட்டார். இரண்டு கே.டி.66 வால்வுகள், 15 வாட், ஒலிச்சிதைவு 0.1 சதவீதத்துக்குள். ரகசியம் வால்வில் இல்லை, வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மரில் இருந்தது. அதை எத்தனை அடுக்காக, எப்படிச் சுற்ற வேண்டும் என்று வில்லியம்சன் விவரமாக எழுதினார். வெளியே போகும் ஒலியின் ஒரு பங்கை மறுபடி உள்ளே திருப்பித் தவறைத் திருத்திக்கொள்ளும் முறையை முழு பலத்தோடு பயன்படுத்த, அந்த டிரான்ஸ்ஃபார்மர் அத்தனை நன்றாக இருக்க வேண்டும். உலகம் முழுக்க ஆட்கள் அதைப் பார்த்து வீட்டிலேயே செய்தார்கள். 1953-இல் பீட்டர் வாக்கரின் குவாட் 2 வந்தது, அதுவும் 15 வாட்தான். 1954-இல் வாக்கரும் வார்ஃப்டேல் நிறுவனத்தின் கில்பர்ட் பிரிக்ஸும் லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில் மேடை இசையையும் பதிவு இசையையும் மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினார்கள். இன்று கார் ஸ்டீரியோ அட்டைப்பெட்டியில் 1000 வாட் என்று அச்சடித்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த அரங்கம்தான் ஞாபகம் வரும்.

வில்லியம்சன் கட்டுரை வந்த அதே 1947-இன் டிசம்பரில், அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் முதல் டிரான்சிஸ்டர் வேலை செய்தது. வால்வு ஆம்ப்ளிஃபையர் முழுமை அடைந்த வருடமும் அதன் எமன் பிறந்த வருடமும் ஒன்றே.

அந்த எமன் குடிவந்த ஊர்களில் பினாங்கும் ஒன்று. 1972-இல் பாயான் லெப்பாஸில் சுதந்திர வணிக வட்டாரம் திறந்தபோது இன்டெல், ஏ.எம்.டி., ஹெவ்லெட் பேக்கார்ட், நேஷனல் செமிகண்டக்டர், ஹிட்டாச்சி, போஷ், கிளாரியன், லிட்ரோனிக்ஸ் என்று எட்டு நிறுவனங்கள் முதல் அலையில் வந்தன. எட்டு சாமுராய்கள் என்று இங்கே பெருமையாகச் சொல்வார்கள். இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே அமைத்த முதல் தொழிற்சாலை இங்கேதான். ரப்பர் விலை சரிந்து தோட்டங்கள் சுருங்கியபோது, பால் மரம் வெட்டியவர்களின் மகள்கள் தொழிற்சாலை பஸ்ஸில் ஏறினார்கள். 1985-இல் பாலம் திறந்த பிறகு பெருநிலத்திலிருந்து போவது எளிதாயிற்று. என் அம்மா அந்தப் பஸ்ஸில் போனவர். நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, முடியைவிட மெல்லிய தங்கக் கம்பிகளைச் சில்லில் ஒட்டும் இயந்திரத்தின் முன் பதினோரு வருடம் உட்கார்ந்திருந்தார். அப்பாவின் வால்வுகளை இல்லாமல் ஆக்கிய பொருளை மகள் செய்தாள் என்று சொன்னால் கதைபோல இருக்கும். அம்மாவிடம் சொன்னேன். "அதெல்லாம் எனக்கு எங்கடா தெரியும், சம்பளம் வந்துச்சு" என்றார்.

இனி பெட்டிக்கு வருகிறேன்.

அதைச் சரி செய்ய மூன்று மாதம் ஆனது. முதலில் சொல்ல வேண்டியது, வால்வு ஆம்ப்ளிஃபையர் உயிரை எடுக்கும். உள்ளே 400 வோல்ட் நேர்மின்சாரம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் வடிகட்டிக் கெப்பாசிட்டர்களில் அது தங்கியிருக்கும். ஒரு ரெசிஸ்டர் வழியாக அதை வடியவிட்டு, மல்டிமீட்டர் வைத்துப் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்ததைக் கண்ணால் பார்த்த பிறகே கையை விட வேண்டும். அதுவும் ஒரு கையை. மற்றது பாக்கெட்டில் இருக்கட்டும். இரண்டாவது, பல வருடம் தூங்கிய பெட்டியை நேராகச் சுவரில் சொருகக் கூடாது. பழைய குண்டு பல்பு ஒன்றைத் தொடராக இணைத்துக் கொடுக்க வேண்டும். உள்ளே எங்காவது நேரடி இணைப்பு இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும், பெட்டி பிழைக்கும்.

என் பல்பு முதலில் கொஞ்சம் எரிந்து மங்கியது. நல்ல அறிகுறி. வடிகட்டிக் கெப்பாசிட்டர்களை மாற்றினேன், நேர் மின்சாரம் கொடுத்தேன், வால்வுகள் சிவந்தன, தாத்தா சொன்ன அரை நிமிடம் காத்திருந்தேன், மூச்சு வந்தது. கைதட்டிக்கொள்ள நினைத்த நேரத்தில் ஒரு ஈ.எல்.34-இன் உள்தகடு செர்ரிப் பழம்போலச் சிவக்க ஆரம்பித்தது. இழை சிவப்பது சரி, தகடு சிவக்கவே கூடாது. அலறிப் பிளக்கைப் பிடுங்கினேன்.

காரணம் ஒரு காகிதக் கெப்பாசிட்டர். முன் வால்விலிருந்து ஒலியை மட்டும் அனுப்பி நேர்மின்சாரத்தைத் தடுப்பது அதன் வேலை. நம் ஊர் ஈரத்தில் ஐம்பது வருடம் ஊறியதில் அது கசிந்தது. கசிந்த நேர்மின்னழுத்தம் பெரிய வால்வின் வலையில் ஏற, மதகு திறந்தே நின்றுவிட்டது. ஒரு வெள்ளிக்கும் குறைவான சாமான். அதை நான் முதலிலேயே மாற்றியிருக்க வேண்டும். பழைய பெட்டி வாங்கும் யாரும் முதலில் மாற்ற வேண்டியது அதைத்தான். எண்ணத்தில் ஒரு பழைய வால்வு ஆம்ப்ளிஃபையர் இருந்தால் இந்த ஒரு வரியை மட்டும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டி பிழைத்தது. ஆனால் வீட்டுக்கு உதவாது. ஒற்றை ஒலித்தடம், ஐம்பது வாட் வாக்கில் சத்தம், வெளியீடோ குழாய்களுக்கான நூறு வோல்ட் தடம். நூறு மீட்டர் தூரத்துக்கு மெல்லிய ஒயரில் ஒலியை அனுப்பச் செய்த ஏற்பாடு அது. குழாயும் அப்படித்தான், ஆழமான ஒலியையும் மெல்லிய ஒலியையும் விட்டுவிட்டு நடுவில் இருப்பதை மட்டும் எறியும். நாதஸ்வரமும் மனிதக் குரலும் அந்த நடுவில்தான் இருக்கின்றன. தவில் பாதி காணாமல் போகும். எங்கள் லயத்தில் ஹைஃபை என்ற சொல் நுழையவே இல்லை; எங்கள் ஹைஃபை அந்தக் குழாய்தான்.

வீட்டுக்கென்று வேறொன்று தேடினேன். லோரோங் கூலிட் ஞாயிறு சந்தையில் ஒன்றிரண்டு பார்த்து ஏமாந்து, கடைசியில் ஜார்ஜ் டவுனில் ரேடியோ ரிப்பேர் செய்து ஓய்வுபெற்ற ஒரு சீன அங்கிளிடம் போய்ச் சேர்ந்தேன். மேசையில் மூன்று ஆம்ப்ளிஃபையர் இருந்தன. எது நல்லது அங்கிள் என்று மலாயில் கேட்டேன். "முதல்ல தூக்கிப் பார் அடிக்" என்றார். எண்கள் எதையும் அவர் சொல்லவில்லை. தூக்கிப் பார்த்தேன். கனமானதை எடுத்தேன். வில்லியம்சன் பத்திரிகையில் பல பக்கம் எழுதியதை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார் என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. கனம் என்றால் டிரான்ஸ்ஃபார்மர் இரும்பு. வால்வை என்றைக்கும் மாற்றலாம், டிரான்ஸ்ஃபார்மரை மாற்றுவது புது ஆம்ப்ளிஃபையர் வாங்குவதற்குச் சமம்.

நான் எடுத்தது நான்கு ஈ.எல்.84 வால்வு கொண்ட ஸ்டீரியோ, தடத்துக்குப் பத்து வாட். யாரோ மல்லார்ட் நிறுவனம் ஐம்பதுகளில் வெளியிட்ட 5-10 சுற்றைப் பார்த்துக் கையால் செய்தது. பத்து வாட் போதுமா என்பது ஆம்ப்ளிஃபையரைவிட ஸ்பீக்கரைப் பொறுத்த கேள்வி. ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டரில் 90 டெசிபல் தரும் ஸ்பீக்கர் பத்து வாட்டில் 100 டெசிபல் தரும். தாமான் வீட்டு முன்னறையில் அது பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டும் அளவு. 84 டெசிபல் ஸ்பீக்கருக்கு அதே சத்தம் வேண்டுமென்றால் நாற்பது வாட் தேவை. ஸ்பீக்கர் இணைக்காமல் மட்டும் எப்போதும் ஓட்டக் கூடாது, வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மரே எரிந்துவிடும்.

வந்த முதல் நாளே பின்பக்கத்து மின்னழுத்தத் தேர்வு 220-இல் இருப்பதைப் பார்த்தேன். நம் நாட்டில் ஏட்டளவில் 230 என்றாலும் என் வீட்டுச் சுவரில் 240-ஐ ஒட்டித்தான் இருக்கிறது. அப்படியே ஓட்டினால் 6.3 வோல்ட் வேண்டிய இழைக்கு 6.9 போகும். பாடும், ஆனால் சீக்கிரம் சாகும். 240-க்கு மாற்றினேன். பிறகு ஒவ்வொரு ஈ.எல்.84-இன் அடியிலும் இருக்கும் 270 ஓம் ரெசிஸ்டரில் அளந்தேன். 10.8 வோல்ட் என்றால் 40 மில்லி ஆம்பியர். அதில் திரைவலைக்குப் போகும் நான்கைந்தைக் கழித்து, தகட்டு மின்னழுத்தம் 310-ஆல் பெருக்கினால் பதினொரு வாட் சொச்சம். வரம்பு 12. சரி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை இந்தக் கணக்கைப் போட்டால், நான்கில் எது களைத்துப் போகிறது என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். மற்றபடி பராமரிப்பு என்பது நம் ஊரில் பெரும்பாலும் ஈரத்தோடும் எறும்போடும் சண்டை. வால்வுக் கால்களில் பச்சை பிடித்தால் கரகரக்கும். அணைத்து, ஆறவிட்டு, வால்வை இரண்டு முறை எடுத்துப் போட்டாலே பாதி நோய் போகும்.

மாற்று வால்வு வாங்கும்போது பெயரை நம்பாதீர்கள். பிளாக்பர்னில் இருந்த மல்லார்ட் ஆலை வால்வு செய்வதை நிறுத்திப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. இன்று மல்லார்ட் என்று அச்சிட்டு வரும் புதுப்பெட்டி ரஷ்யாவின் சரதோவ் நகரிலிருந்து வருகிறது. பெயரின் உரிமை ஒரு அமெரிக்க நிறுவனத்திடம் இருக்கிறது. ஸ்லோவாக்கியாவில் ஜே.ஜே., சீனத்தின் சாங்ஷாவில் சில, இப்படி விரல்விட்டு எண்ணும் ஆலைகள்தான் இன்றைக்கு உலகத்துக்கே. 2022-இல் உக்ரைன் போரை ஒட்டி ரஷ்ய ஏற்றுமதி தடைபட்டபோது எல்லா இடத்திலும் விலை எகிறியது. ஒரு காலத்தில் பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் கூட வால்வு செய்தது. அதன் முத்திரை போட்ட ஒரு ஈ.சி.சி.83 அங்கிளின் டப்பாவில் கிடந்தது. இப்போது என்னுடையதில் ஓடுகிறது.

வால்வு ஒலி 'வெதுவெதுப்பானது' என்பார்கள். எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான். நன்றாகச் செய்த வில்லியம்சனில் சிதைவு 0.1 சதவீதம், அதில் வெதுவெதுப்பு எங்கே ஒளிந்திருக்கும்? மலிவான ஒற்றை வால்வு ஆம்ப்ளிஃபையர்களில் சிதைவு கூடுதல், அது காதுக்கு இதமான வகைச் சிதைவு, அதைத்தான் பலர் ரசிக்கிறார்கள். ரசிக்கட்டும். ஆனால் ஐம்பதுகளின் தமிழ்ப் பாட்டுக்கு வேறொரு நியாயம் உண்டு. கோடம்பாக்கத்து மைக்கிலிருந்து பதிவு இயந்திரம், இசைத்தட்டு வெட்டும் இயந்திரம், வானொலி நிலையம், கிராணி வீட்டுப் பெட்டி வரை அந்தக் குரல் கடந்த ஒவ்வொரு படியும் வால்வு. நாம் கேட்கும் வெதுவெதுப்பு தட்டிலேயே இருக்கிறது. கடைசிப் படியில் நான் எதை வைத்தாலும் அது போகாது.

அம்மாவுக்கு இந்த ஆராய்ச்சி எல்லாம் பிடிக்கவில்லை. பாட்டு பாடாமல் சும்மா இருந்தாலும் நூறு வாட் வாக்கில் இழுக்கிறது, முன்னறை வேறு கொதிக்கிறது, மின்சார பில்லை நீயே கட்டு என்றார். கட்டுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை பாட்டியைக் கொண்டு வந்து உட்கார வைத்து ஒரு பழைய பி. சுசீலா பாட்டைப் போட்டேன். சுவிட்சைப் போட்டதும் பாட்டி, "ஒண்ணும் கேக்கல, கெட்டுப்போச்சா?" என்றார். அடுப்படியிலிருந்து அம்மா குரல் வந்தது. "சூடு ஏறட்டும்மா."